யூசுப் யோசித்த பன்னிரண்டு வழிகள்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு அந்தக் கடிதம் வந்தது. மின்னஞ்சலில், ஆறு பக்கம். ராஜிக் முதல் பக்கத்தின் முதல் வரியைப் படித்தார். பிறகு கடைசிப் பக்கத்தின் கடைசி வரியைப் படித்தார்.

முதல் வரியில் ‘அன்புள்ள ஐயா’ என்று இருந்தது. கடைசி வரியில் ‘முப்பது நாட்கள்’ என்று இருந்தது.

எல்லாத் தாள்களையும் அவர் அப்படித்தான் படிப்பார். வீட்டு வாடகை ஒப்பந்தம், வங்கிப் படிவம், மனாமாவில் வேலையை விட்டபோது மேனேஜர் மஞ்சள் சீட்டு ஒட்டி நீட்டிய பத்தொன்பது தாள்கள், மகளின் பள்ளிக்கூட விதிமுறைகள். கையெழுத்துப் போடும் இடம் தெரிந்தால் போதும். நிக்காஹ் பதிவேட்டில் மட்டும் பெண்ணின் பெயர் சரியா என்று பார்த்தார். அதுவும் உம்மா சொன்னதால்.

"பாண்டி, இது என்னன்னு பாரு."

பாண்டித்துரை அவருடைய ஒரே ஊழியர். மானாமதுரைப் பக்கம். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் எட்டு வருஷம் பெட்டி அடுக்கியவர். லீவு நாட்களில் கம்ப்யூட்டரில் படம் வடிவமைக்கக் கற்றுக்கொண்டு, ஷார்ஜா ரோலாவில் இருந்த இந்த ஒற்றை அறை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தார். ஆங்கிலத்தை மெதுவாகப் படிப்பார். ஆனால் விடாமல் படிப்பார்.

கால் மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கினார்.

"பாய், கடைவாசலை நிறுத்தச் சொல்றாய்ங்க."

"யாரு?"

"அமெரிக்காவுல ஒரு கம்பெனி. நம்ம இதுல படத்தை விரலால இழுத்துப் போட்டா, மத்த படமெல்லாம் தானா ஒதுங்கி இடம் விடுதுல்ல? அது அவுங்க பேடன்ட்டாம். யூசுப் பேடன்ட்."

"யாரு யூசுப்?"

"கண்டுபிடிச்ச ஆளு பேரு போல. ஆறு பக்கத்துல முப்பத்தோரு தடவ யூசுப் வருது."

ராஜிக்குக்கு யூசுப் என்ற பெயரில் பதினான்கு பேரைத் தெரியும். மூன்று பேர் நெருங்கிய சொந்தம். யாரும் அமெரிக்காவில் இல்லை.

‘கடைவாசல்’ என்பது கடைக்காரர்கள் தங்கள் இணையதளத்தைத் தாங்களே கட்டிக்கொள்ளும் கருவி. கம்ப்யூட்டர் தெரிய வேண்டாம். கைப்பேசியில் படத்தைத் தொட்டு, வேண்டிய இடத்துக்கு இழுத்துவிட்டால் போதும். மற்றவை ஒதுங்கும். ஜும்ஆவுக்குத் தாமதமாக வருபவர் வரிசையில் நுழையும்போது, யாரும் சொல்லாமலே ஆளாளுக்கு நாலு விரல் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் ராஜிக்குக்கு அந்த யோசனை வந்தது. நாற்பத்தோரு கடைகள் அதில் இருந்தன.

"அமெரிக்கா சட்டம் ஷார்ஜாவுல செல்லுமா?"

"செல்லாதுதான் பாய். ஆனா நம்ம சர்வர் அமெரிக்காவுல இருக்கு. அந்த சர்வர் கம்பெனிக்கும் ஒரு காப்பி போட்டிருக்காய்ங்க. முப்பது நாள்ல நாம மாத்தலைன்னா அவுங்க ஆஃப் பண்ணிருவாங்க."

கடைவாசல் அணைந்தால் அலுவலகம் இல்லை. அலுவலகம் இல்லாவிட்டால் லைசென்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாவிட்டால் விசா இல்லை. அவருடையது, மனைவி அஸ்மத் பீவியுடையது, மகள் இஃப்பத்துடையது. இஃப்பத் பத்தாம் வகுப்பு. பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது.

"இழுக்குறதுதானே பிரச்சினை?" என்றார் ராஜிக். "இழுக்க வேணாம். எடுத்துரு."

இழுப்பதை எடுத்துவிட்டு அம்புக்குறி வைத்தார்கள். மேல், கீழ், வலம், இடம். அம்பை அழுத்தினால் படம் ஒரு கட்டம் நகரும்.

மறுநாள் காலை ஹசன் அலி படியேறி வந்தார். அதிராம்பட்டினத்துக்காரர். கீழ்த்தெருவில் பிரியாணிக் கடை. மூச்சு வாங்கியது.

"தம்பி, நா யாரு?"

"ஹசன் அலி காக்கா."

"உன் கம்ப்யூட்டருக்கு அது தெரியலயே."

கைப்பேசியை நீட்டினார். மெனுப் பக்கத்தில் அவருடைய படம் இருந்தது. வெள்ளைச் சட்டை, தொப்பி, சிரிப்பு. அதன் கீழே ‘மட்டன், ஃபுல், இருபத்தெட்டு திர்ஹம்’ என்று இருந்தது. ‘நிறுவனர்’ என்ற இடத்தில் ஒரு தட்டு பிரியாணி இருந்தது.

"காக்கா, அம்பை எத்தன தடவ அழுத்துனீங்க?"

"போற வரைக்கும் அழுத்துனேன்."

"அது நிக்கிற வரைக்கும்தான் அழுத்தணும்."

"நேத்து வரைக்கும் விரலால தள்ளுனா போய் உக்காந்துச்சே? காலைல ஒருத்தன் போன் பண்ணி, ஹாஃப் கெடைக்குமான்னு கேக்குறான்."

பாண்டித்துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இதைச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. சரிசெய்ததும் ராஜிக் ஒரு காரியம் செய்தார். அமெரிக்கக் கம்பெனியின் வக்கீலுக்கு மின்னஞ்சல் எழுதினார். தாங்கள் சொன்னபடி இழுப்பதை எடுத்துவிட்டோம், இப்போது அம்புக்குறிதான், தங்கள் அன்புக்கு நன்றி.

"இதை எதுக்கு பாய் சொன்னீங்க?"

"சொல்றது மரியாதை."

பதில் ஒரே நாளில் வந்தது. மரியாதையாகத்தான் இருந்தது. யூசுப் பேடன்ட்டில் பன்னிரண்டு உரிமைகள் கோரப்பட்டுள்ளன, அம்புக்குறியால் நகர்த்துவது அதில் ஏழாவது என்று எழுதியிருந்தார்கள். பேடன்ட்டை முழுவதும் படிக்க விரும்பினால் இந்த எண்ணை இணையத்தில் போட்டுப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். ராஜிக் விரும்பவில்லை.

"ஏழாவது வரைக்கும் யோசிச்சிருக்கானா?" என்று மட்டும் கேட்டார்.

அம்பை எடுத்துவிட்டு எண் கொடுத்தார்கள். பக்கத்தில் பதினாறு கட்டம். எந்தப் படம் எந்தக் கட்டத்தில் என்று எண்ணைத் தட்டினால் போதும்.

நிஜாம் டிராவல்ஸும் கார்கோவும் சேர்த்து நடத்துபவர். இறந்தவர்களின் உடலை ஊருக்கு அனுப்பும் வேலையையும் முகம் சுளிக்காமல் செய்து தருவார். நல்ல மனிதர். ஆறு போட வேண்டிய இடத்தில் ஒன்பது போட்டுவிட்டார். ‘ஜனாஸாவை உரிய மரியாதையுடன் ஊர் சேர்ப்போம்’ என்ற வரிக்குக் கீழே, சிவப்பில் மின்னும் நட்சத்திரத்துக்குள், ‘குடும்பத்தோடு போங்க! நாலு பேருக்கு ஒருவர் ஃப்ரீ!’ என்று வந்தது.

நிஜாம் கோபப்படவில்லை. போனில் மெதுவாகப் பேசினார்.

"ராஜிக், மூணு பேர் விசாரிச்சுட்டாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

எண்ணைப் பற்றியும் ராஜிக் வக்கீலுக்குத் தெரிவித்திருந்தார். அது ஒன்பதாவது உரிமை.

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அஸ்மத் பீவி எதிரில் உட்கார்ந்தாள்.

"இஃப்பத் வாப்பா, சோறு ஆறுது."

"இந்த யூசுப் இருக்கானே..."

"சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால அந்தப் பேச்சு வேணாம்."

"பேரைச் சொன்னா என்ன? யூசுப், யூசுப், யூசுப். அவன் அங்க மாடி வீட்டுல உக்காந்து குளுகுளுன்னு இருப்பான். நீயும் ஒரு தடவ ஏசு. மனசு ஆறும்."

"ஏசாம இருக்கேனா? தொழுவுறப்பல்லாம் அந்த அமெரிக்காக்காரனைத்தான் ஏசுறேன். பேரு மட்டும் என் வாயில வராது."

இஃப்பத் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். சிறு வயதிலிருந்தே இங்கே வளர்ந்தவள்.

"வாப்பா, ஜஸ்ட் கால் யூசுப் அங்கிள் அண்ட் சே சாரி."

"எவன்டீ உனக்கு அங்கிள்?" என்றாள் அஸ்மத் பீவி. "உன்ன ஊருக்கு அனுப்பப் பாக்குறான். பரீட்சைய அங்கிள் எழுதுவானா?"

இஃப்பத் குனிந்துகொண்டாள். பிறகு பக்கத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"வாப்பா, நாம நெஜமா போயிருவோமா?"

"படி" என்றார் ராஜிக்.

மறுநாள் எல்லாக் கட்டங்களையும் எடுத்துவிட்டார். இனி கடைக்காரர்கள் எதையும் நகர்த்த வேண்டாம். வாட்ஸப்பில் வாயால் சொன்னால் போதும். ராஜிக்கும் பாண்டித்துரையும் அலுவலகத்தில் உட்கார்ந்து கையாலேயே மாற்றிக் கொடுப்பார்கள். இதில் கருவியே இல்லை. இதற்கு எவன் பேடன்ட் வாங்கியிருக்க முடியும்?

கடைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்துவிட்டது. முதல் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு குரல் செய்திகள் வந்தன.

"தம்பி, அந்தச் சிக்கன கொஞ்சம் மேல தூக்கு."

"போதும் போதும். எறக்கு."

"எறக்குனியா? எங்க எறக்குன? சரி, பழையபடி வை."

"தம்பி, ஹசன் அலி பேசுறேன். சும்மாதான். என் படம் எங்க இருக்கு?"

மூன்றாம் நாள் ராஜிக்கின் வலது மணிக்கட்டு வீங்கியது. கிளினிக்குக்குப் போனார். கவுண்டரில் அவருடைய வாப்பாவைக் கூப்பிட்டார்கள். வாப்பா கீழக்கரையை விட்டு வந்ததே இல்லை. ஆனால் இந்த ஊர் கவுண்டர்களில் எல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் எதையாவது எழுத வேண்டியிருந்தது. எல்லோரையும் போல வாப்பாவின் பெயரை எழுதினார். பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும், கூப்பிட்டதும் வாப்பா எங்கே என்று அரை நொடி திரும்பிப் பார்ப்பார்.

"என்ன வேலை செய்றீங்க?" என்றார் டாக்டர்.

"சிக்கனைத் தூக்கி எறக்குறேன்."

டாக்டர் கட்டுப் போட்டார்.

வீட்டில் அஸ்மத் பீவி கட்டைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தாள்.

"நான் அவன் கை வெளங்காமப் போவணும்னுல்ல துஆ கேட்டேன்? உங்க கைக்கு என்ன வந்துச்சு?"

"அட்ரஸ் மாறி வந்திருச்சு போல."

"சிரிக்காதீங்க."

கையால் மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் ராஜிக் வக்கீலுக்கு எழுதியிருந்தார். இந்த முறை கொஞ்சம் பெருமையோடு எழுதியிருந்தார். பதில் வந்தது. பாண்டித்துரை படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"பாய், பன்னெண்டாவது."

"என்ன பன்னெண்டாவது?"

"‘பயனர் வாயால் சொல்ல, வேறொரு மனிதர் அதைக் கேட்டு நகர்த்துவதும் இதில் அடங்கும்.’"

ராஜிக் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே துபாய் பஸ் நின்றது. ஏறுகிறவர்களுக்கு உள்ளே இருந்தவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அதைப் பார்க்கவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது பாண்டி. அவனுக்குத் தெரியுது. எனக்கு முன்னாடியே போய் உக்காந்திருக்கான்."

"உங்க மண்டைக்குள்ள பூந்து எழுதுன மாதிரி இருக்கு பாய்."

"திருடன்."

அந்தச் சொல்லைச் சொன்ன பிறகுதான் ராஜிக்குக்கு அது தோன்றியது. திரும்பினார்.

"பாண்டி, அந்த யூசுப் எப்ப விண்ணப்பம் போட்டான்? தேதி இருக்கா?"

பாண்டித்துரை தேடினார். "ரெண்டாயிரத்துப் பதினாலு, மார்ச் ரெண்டு."

"நான் மனாமாவுல வேலை பாத்தப்ப இதைச் செஞ்சேன். குதைபியாவுல மஹ்மூது காக்காவோட அத்தர் கடைக்கு. அதுதான் மொத மொத. அது எப்ப? கடை தொறந்தப்ப. டிசம்பர். பதிமூணு டிசம்பர்!"

பாண்டித்துரை எழுந்து நின்றார்.

"அப்ப யூசுப்புக்கு முன்னாடியே நீங்க செஞ்சுட்டீங்க."

"அதத்தானே சொல்றேன்."

"பாய், இந்தக் கடுதாசியிலயே இருக்கு. அவரு விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே வேற ஒருத்தர் செஞ்சிருந்தா, ஆதாரம் குடுத்தா, பேடன்ட் நிக்காது."

மஹ்மூதுக்குப் போன் போட்டார்கள். குதைபியாவில் இன்னும் அதே கடை. அதே குரல்.

"யாரு, ராஜிக்கா? நீ உயிரோட இருக்கியா?"

"காக்கா, கடை தொறந்தப்ப நான் ஒண்ணு செஞ்சு குடுத்தேனே. பாட்டில் படத்தை விரலால தள்ளுனா மத்த பாட்டிலெல்லாம் ஒதுங்குமே."

"அது இப்பவும் ஓடுதே."

"ஓடுதா?"

"பின்ன? அன்னிக்கு எடுத்த போட்டோகூட சுவத்துல மாட்டியிருக்கேன். நீ நிக்கிற. உன் மேனேஜர் நிக்கிறான். நான் விரல வெச்சுக்கிட்டு நிக்கிறேன். பின்னால பேனர்ல தேதி போட்டிருக்கு. உன் மேனேஜர் அன்னிக்குப் பூரா அதையே தள்ளித் தள்ளிப் பாத்துக்கிட்டிருந்தானே, ஞாபகம் இருக்கா?"

"அவனை விடுங்க காக்கா. போட்டோவை அனுப்புங்க."

போட்டோ வந்தது. பேனரில் தேதி தெளிவாக இருந்தது. திரையில் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ‘செய்தது: ராஜிக்’ என்று இருந்தது. பாண்டித்துரை அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு ராஜிக் கட்டுப் போட்ட கையாலேயே பாண்டித்துரையின் முதுகில் தட்டினார். வலித்தது. மறுபடியும் தட்டினார்.

அஸ்மத் பீவியைக் கூப்பிட்டார். "இஃப்பத்த படிக்கச் சொல்லு. யாரும் எங்கயும் போகல. யூசுப் மாட்டிக்கிட்டான்."

"அல்ஹம்துலில்லாஹ். அந்த ஆளு தலை குனியணும். ஊரே பாக்கணும்."

"பாக்கும்."

சத்தியப் பிரமாணம் ஒன்று ஆங்கிலத்தில் எழுதி, போட்டோவை இணைத்து அனுப்ப வேண்டும். பக்கத்துக் கட்டடத்தின் தரைத்தளத்தில் டைப்பிங் சென்டர் இருந்தது. சந்தியா என்ற பெண் அங்கே விசா விண்ணப்பம் முதல் விவாகரத்து வரை எல்லாம் அடித்துக் கொடுப்பாள். திருநெல்வேலிக்காரி. வேகமான விரல். அனாவசியப் பேச்சு இல்லை.

"ஐடி குடுங்க சார். சொல்லுங்க."

ராஜிக் அட்டையைக் கொடுத்தார். நின்றுகொண்டே சொன்னார். பதினொரு நாளாக மனதில் எழுதி வைத்திருந்தது.

"யூசுப் என்பவர் ஒரு திருடர்."

சந்தியா நிமிர்ந்தாள். "திருடர்னு போட வேண்டாம் சார். ‘அனுமதியின்றி எடுத்துக்கொண்டவர்’னு போடலாம்."

"திருடர்னே போடும்மா."

"பின்னால பிரச்சினை வரும்."

"அவனுக்குத்தானே? வரட்டும்."

சந்தியா அடித்தாள்.

"மேற்படி யூசுப் சொந்தமாக யோசிக்கத் தெரியாதவர். மனாமாவில் நான் கஷ்டப்பட்டுச் செய்ததை அப்படியே எடுத்துத் தன் பெயரில் எழுதிக்கொண்டவர். அவரால் நாற்பத்தோரு கடைகளும் என் குடும்பமும் அனுபவித்த துன்பத்துக்கு அவரே முழுப் பொறுப்பு. இவரை நான் வாழ்நாளில் சந்தித்ததில்லை. சந்திக்க விரும்பவும் இல்லை."

"கடைசி வரி வேணுமா சார்?"

"அதுதான் முக்கியம்."

மூன்று பிரதிகள் வந்தன. சூடாக இருந்தன. சந்தியா அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரு தடவ வாசிச்சுப் பாத்துருங்க சார். பேரு வர்ற எடத்துல மட்டும் புள்ளி வெச்சு விட்டிருக்கேன். வெறும் யூசுப்னு குடுத்தா எடுக்க மாட்டாங்க. அவரோட முழுப் பேரு வேணும்."

"அது எனக்குத் தெரியாதே."

"பேடன்ட் நம்பர் இருக்கா? மொதப் பக்கத்துல போட்டிருக்கும். எடுத்துத் தாரேன்."

பாண்டித்துரை நம்பரைச் சொன்னார். சந்தியா தட்டினாள். மூலையில் பிரிண்டர் உறுமியது.

ராஜிக் அதற்குள் பேனாவைத் திறந்திருந்தார். கையெழுத்துப் போடும் இடம் எங்கே என்று பார்த்தார். மணிக்கட்டு வலித்தது. பொறுத்துக்கொண்டு முதல் பிரதியில் போட்டார். இரண்டாவதில் போட்டார். மூன்றாவதில், கொஞ்சம் அழுத்தமாக, அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

சந்தியா பிரிண்டரிலிருந்து தாளை எடுத்தாள். படித்தாள். மேசையில் கிடந்த ஐடி அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். மறுபடியும் தாளைப் பார்த்தாள். அந்த அறையில் அதை முதலில் படித்தவள் அவள்தான்.

"சார், கண்டுபிடிச்சவரு முழுப் பேரு ‘ராஜிக் முகம்மது யூசுப், குதைபியா, மனாமா’ன்னு போட்டிருக்கு. உரிமைய வேலை பாத்த கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டாரு, அவுங்ககிட்ட அமெரிக்காக்காரங்க வாங்கியிருக்காங்க. உங்க ஐடியிலயும் அட்சரம் பிசகாம அதே பேருதான் இருக்கு. இப்ப நீங்க யாரைத் திருடர்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க?"